மையும் மனிதர்களும் - 12: இரண்டு மேசை, ஒரே மைப்புட்டி

சென்ற வாரம் அலெக்ஸ் ரேமண்டை விண்வெளியில் விட்டுவிட்டு வந்தோம்.

1934 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை, அவருடைய விண்வெளிப் படக்கதை 'ஃபிளாஷ் கார்டன்' ஆரம்பித்தது. சரியாக ஐந்து வருடம் முன்னால், 1929இன் அதே ஜனவரி 7ஆம் தேதிதான் ஹால் ஃபாஸ்டரின் டார்ஜான் செய்தித்தாளில் கால் வைத்தான். ஃபாஸ்டர், ரேமண்ட் இருவருமே படக்கதைக்குள் ஓவியக் கூடத்தைக் கொண்டுவந்தவர்கள். ஒரு தசைநாரை, ஒரு துணி மடிப்பை விடமாட்டார்கள். வாசகர்கள் வாய் பிளந்தார்கள். மற்ற ஓவியர்களுக்கு வயிறு கலங்கியது.

காரணம் எளிது. வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கம் என்றால் அப்படி இழைத்து இழைத்து வரையலாம். ஞாயிறு தவிர தினமும் ஒரு ஸ்ட்ரிப், வாரத்துக்கு ஆறு, மாதத்துக்கு இருபத்தைந்துக்கு மேல் என்றால்? ரேமண்டே திணறினார். ஃபிளாஷ் கார்டனோடு சேர்த்து அவர் ஒப்புக்கொண்ட தினசரித் தொடர் 'சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9'. (நம்மூர் வாசகர்களுக்குக் காரிகனாகப் பின்னாளில் அறிமுகமான அதே உளவாளிதான்.) இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 1935 முடிவதற்குள் எக்ஸ்-9ஐ இறக்கி வைத்துவிட்டார்.

தினசரித் தொடரை நன்றாகவும் வரைய வேண்டும், நேரத்துக்கும் கொடுக்க வேண்டும். இரண்டும் நடக்குமா?

நடக்கும் என்று காட்டியவருக்கு அப்போது வயது 24. பெயர் நோயல் சிக்கிள்ஸ். உங்களில் பலர் இந்தப் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் வரைந்த ஒரு கட்டத்தையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் கையிலிருந்து கிளம்பிய நிழல் நம் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்திருக்கிறது. எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

ஒஹாயோவில் இரண்டு பையன்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்று ஒரு சிற்றூர். மில்டன் கானிஃப் 1907இல் அங்கே பிறந்தார். மூன்று வருடம் கழித்து, அதே மாநிலத்தின் சிலிகாத்தியில் நோயல் சிக்கிள்ஸ். இருவரையும் சேர்த்து வைத்தது மாநிலத் தலைநகரான கொலம்பஸ்.

கானிஃப் பேச்சுக்காரர். நாடகப் பித்து உண்டு. நடிகராவதா, ஓவியராவதா என்ற குழப்பத்தில் இருந்த காலத்தில், 'கொலம்பஸ் டிஸ்பாட்ச்' நாளிதழின் கார்ட்டூனிஸ்ட் பில்லி அயர்லாந்து அவருக்கு ஒரு புத்தி சொன்னார்: மைப்புட்டியை விடாதே, நடிகர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு நிச்சயமில்லை. கானிஃப் கேட்டுக்கொண்டார். நாடகத்தை மட்டும் விடவில்லை. பின்னால் அதைத் தன் கட்டங்களுக்குள் போட்டு நடத்தினார்.

சிக்கிள்ஸ் நேர் எதிர். கூச்ச சுபாவம். அதிகம் பேசமாட்டார். 'ஒஹாயோ ஸ்டேட் ஜர்னல்' பத்திரிகைக்கு அரசியல் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தார். கை மட்டும் அபாரம். நண்பர்கள் இருவரும் கொலம்பஸில் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ வைத்து விளம்பரப் படங்கள் வரைந்து கொடுத்தார்கள்.

அது பொருளாதார மந்தக் காலம். விளம்பரம் கொடுக்கக் கடைக்காரர்களிடம் காசு இல்லை. 1932இல் கானிஃபின் பத்திரிகை வேலையும் போனது. அந்த நேரம் பார்த்து நியூயார்க்கிலிருந்து அசோசியேட்டட் பிரஸ் கூப்பிட்டது. செய்தி நிறுவனமாகத்தான் நமக்கு அதைத் தெரியும். அன்றைக்கு அது தன் உறுப்புப் பத்திரிகைகளுக்குச் செய்தியோடு சேர்த்துப் படக்கதைகளையும் அனுப்பிக்கொண்டிருந்தது.

கானிஃப் ரயிலேறினார். அடுத்த வருடமே 'டிக்கி டேர்' என்ற தொடர் அவர் கையில். புத்தகம் படித்தபடியே கனவு கண்டு, ராபின் ஹூட்டோடும் கடற்கொள்ளையரோடும் சுற்றும் ஒரு சிறுவனின் கதை. 1933இல் சிக்கிள்ஸும் வந்து சேர்ந்தார். அதே நிறுவனம். கொஞ்ச நாளில் மன்ஹாட்டனின் டியூடர் சிட்டி குடியிருப்பில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஸ்டுடியோ.

*

நோயாளியின் கையெழுத்து

அசோசியேட்டட் பிரஸ்ஸிடம் 'ஸ்கார்ச்சி ஸ்மித்' என்று ஒரு விமானிக் கதை இருந்தது. 1927இல் சார்லஸ் லிண்ட்பர்க் தனியாளாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்த பிறகு அமெரிக்காவே விமானப் பைத்தியம் பிடித்துக் கிடந்தது. அந்த அலையில் 1930 மார்ச்சில் பிறந்தவன் ஸ்கார்ச்சி. உருவாக்கியவர் ஜான் டெர்ரி. 'டெர்ரிடூன்ஸ்' கார்ட்டூன் படங்கள் எடுத்த பால் டெர்ரியின் சகோதரர்.

1933இல் ஜான் டெர்ரி காசநோயில் படுத்தார். தொடர் நிற்கக்கூடாது. வாங்கும் பத்திரிகைகளுக்கு ஆள் மாறியது தெரியவும் கூடாது. ஆகவே நிர்வாகம் சிக்கிள்ஸிடம் கொடுத்த உத்தரவு இது: டெர்ரி வரைந்த மாதிரியே வரை. உன் பெயரைப் போடாதே.

யோசித்துப் பாருங்கள். நிறுவனத்திலேயே நன்றாக வரையத் தெரிந்த ஆள், நன்றாக வராத ஒரு கையை அச்சு அசலாகப் பிரதி எடுக்க வேண்டும். டெர்ரியின் சித்திரங்கள் மேல் சிக்கிள்ஸுக்கு மரியாதை கிடையாது. சின்னச் சின்னப் பேனாக் கோடுகளால் அரித்துப்போட்ட மாதிரி இருக்கும் படங்கள். எது முன்னால், எது பின்னால் என்றே பிடிபடாது.

ஆனாலும் வரைந்தார். சம்பளம் வேண்டுமே.

1934 தொடக்கத்தில் டெர்ரி இறந்துபோனார். அதன் பிறகு சிக்கிள்ஸ் தன் பெயரைப் போடலாம் என்றானது. நோயாளியின் கையெழுத்தை உதறிவிட்டுத் தன் கையெழுத்தில் எழுதலாம். ஆனால் ஒரே நாளில் மாற்றினால் வாசகர் விழிப்பார், பத்திரிகை ஆசிரியர் கடிதம் போடுவார். எனவே வாரத்துக்குக் கொஞ்சம், மாதத்துக்குக் கொஞ்சம் என்று மாற்றிக்கொண்டே போனார். அந்த ஒரு வருடத்துத் தொகுப்பை வரிசையாகப் புரட்டினால், மங்கலான ஜன்னல் கண்ணாடியை ஒருவர் பொறுமையாகத் துடைத்துக்கொண்டே வருவதுபோல் இருக்கும்.

*

தூரிகை இறங்கிய இடம்

இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போவோம். இந்தத் தொடரின் முக்கியமான திருப்பம் இதுதான்.

அன்று வழக்கத்தில் இருந்த முறை என்ன? முதலில் பென்சில். அதன் மேல் பேனா நிப்பை இந்தியன் இங்கில் தோய்த்து ஒவ்வொரு பொருளுக்கும் விளிம்புக் கோடு. நிழல் வேண்டுமா? அந்த இடத்தில் கோட்டின் மேல் கோடாக, வலை பின்னுவதுபோல் பின்னுவார்கள். அதிக நிழல் என்றால் அதிகப் பின்னல். ஒரு மேல்கோட்டுக்கு நிழல் கொடுக்கவே அரை மணி நேரம் ஓடிவிடும்.

சிக்கிள்ஸ் கேட்டது வேறு கேள்வி. ஒரு ஆள் சாயங்கால வெயிலில் விமானத்தின் இறக்கைக்குக் கீழே நிற்கிறான் என்று வையுங்கள். நம் கண்ணில் என்ன விழுகிறது? அவன் உடம்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதா? இல்லை. வெயில் படும் தோள் பளிச்சென்று இருக்கிறது. இறக்கையின் நிழல் விழும் முகம் இருட்டாக இருக்கிறது. தொப்பி எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்று தெரியவே இல்லை. தெரியாவிட்டாலும் அவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் எதற்கு எல்லாவற்றையும் வரைய வேண்டும்?

பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். இருட்டு எங்கே இருக்கிறதோ அங்கே மையை நிரப்பினார், ஒரே வீச்சில். வெளிச்சம் படும் பக்கத்தில் விளிம்புக் கோட்டையே போடாமல் விட்டார். முகத்தில் பாதி மைக்குள் போய்விடும். மீதிப் பாதியில் மூக்கு நுனிக்கு ஒரு தொடுதல், கண்ணுக்கு ஒரு கீற்று. மேல்சட்டையின் மடிப்புக்கு நாலு கொழுத்த இழுப்பு. விட்டுப்போனதைப் பார்ப்பவரின் கண் தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது மைக் கறைகளின் குவியல். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் ஈர ஓடுபாதை, அதில் உருளும் சக்கரம், தூரத்து மரக்கூட்டத்துக்கு மேல் கவியும் மேகம். சினிமாவில் ஒளிப்பதிவாளர் விளக்கு வைக்கும் வேலையைத்தான் சிக்கிள்ஸ் தூரிகையால் செய்தார். முதலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவுசெய்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த முறைக்கு இரண்டு அனுகூலங்கள் இருந்தன. முதலாவது வேகம். ஒரு விமானக் கொட்டகையின் உட்புறத்தைப் பேனாவால் பின்னிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். தூரிகைக்கு அது சில நிமிட வேலை.

இரண்டாவதை அச்சகத்துக்காரர்கள்தான் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அந்த நாளில் ஸ்ட்ரிப்புகள் மூலப்படமாகப் பத்திரிகைகளுக்குப் போகாது. காகிதக் கூழால் செய்த அச்சுவார்ப்பு தபாலில் போகும். உள்ளூர் அச்சகம் அதில் ஈயத்தை ஊற்றி, உருளையில் ஏற்றி, மலிவான செய்தித்தாளில் ஓட்டும். இத்தனை கை மாறுவதற்குள் மெல்லிய கோடுகள் உயிர் பிழைப்பது கஷ்டம். நெருக்கமாகப் பின்னிய கோடுகளுக்கு நடுவே மை ஊறி, வலை வெறும் திட்டாகிவிடும். சிக்கிள்ஸ் போட்டதே திட்டு. அதை எந்த அச்சு இயந்திரமும் கெடுக்க முடியாது!

மேதைமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் எனக்கு என்னவோ, வாரம் ஆறு ஸ்ட்ரிப் என்ற நெருக்கடியும், மட்டமான காகிதமும், இரவலாகக் கிடைத்த ஒரு மோசமான பாணியும் சேர்ந்துதான் அவரை அந்த மூலைக்குத் தள்ளின என்று தோன்றுகிறது. ஃபாஸ்டருக்குக் கிடைத்த முழுப் பக்கமும் வண்ணமும் சிக்கிள்ஸுக்கும் கிடைத்திருந்தால் இது நடந்திருக்காது.

*

பக்கத்து மேசை

டியூடர் சிட்டியின் அந்த அறையில் இன்னொரு மேசையும் இருந்ததல்லவா?

1934இல் கானிஃபுக்குப் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது. நியூயார்க் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையின் அதிபர் ஜோசப் பேட்டர்சன். படக்கதை விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். எந்தத் தொடர் ஓடும், எந்தப் பெயர் நிற்கும் என்பது அவருக்கு மூக்கில் வியர்க்கும். அவர் கேட்டது ஒரு சாகசக் கதை. களம் சீனா. கானிஃப் சீனாவைப் பார்த்ததே இல்லை. அதனால் என்ன, நூலகம் இருக்கிறதே என்று நம்பி ஒப்புக்கொண்டார். கதாநாயகச் சிறுவனுக்கு அவர் வைத்த பெயரைப் பேட்டர்சன் அடித்துவிட்டு 'டெர்ரி' என்று மாற்றினார். கூடவே கடற்கொள்ளையரையும் தலைப்பில் சேர்த்தார். 1934 அக்டோபர் 22இல் 'டெர்ரி அண்ட் த பைரேட்ஸ்' தொடங்கியது. டிசம்பரில் ஞாயிறு வண்ணப் பக்கமும் சேர்ந்துகொண்டது.

ஆரம்ப வாரங்களின் டெர்ரியை இன்று பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மெல்லிய கோடு, வெள்ளைப் பின்னணி, பொம்மைகள் மாதிரி ஆட்கள். கதையில் கப்பல் இருக்கிறது, கொள்ளைக்காரி டிராகன் லேடி இருக்கிறாள். படத்தில் மட்டும் ஆபத்தே இல்லை. அந்த அறையில் இருட்டு முழுவதும் சிக்கிள்ஸின் மேசையில் இருந்தது.

வாரம் ஆறு ஸ்ட்ரிப், ஒரு வண்ணப் பக்கம். கானிஃபின் கழுத்துக்கு மேல் வேலை. பக்கத்தில் நண்பன் பாதி நேரத்தில் முடித்துவிட்டுக் கையைத் துடைக்கிறான். முடித்ததும் பார்க்க அசலாக இருக்கிறது. கானிஃப் என்ன செய்வார்?

எழுந்து போய்க் கற்றுக்கொண்டார். சிக்கிள்ஸும் ஒளிக்கவில்லை.

1935இன் ஓட்டத்தில் டெர்ரியின் முகம் மாறியது. தூரிகை வந்தது, நிழல் வந்தது. துறைமுகப் படிக்கட்டில் ஈரம் மினுங்கியது. டிராகன் லேடியின் கன்னம் பாதி இருட்டில் மறைந்து, அவள் நல்லவளா கெட்டவளா என்ற குழப்பம் படத்துக்குள்ளேயே ஏறியது. வெறும் ஓவிய வித்தையாக இருந்ததைக் கானிஃப் கதை சொல்லும் கருவியாக்கிவிட்டார். அவருக்குள் இருந்த நாடகக்காரர் வேலை செய்தது இங்கேதான். ஒரு பாத்திரத்தை எப்போது வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது, எப்போது நிழலில் நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நேர்மையாகச் சொன்னால், சிக்கிள்ஸுக்கு அது வராது. அவருடைய கதைகளில் விமானம் அழகாக இருக்கும். விமானி யார், அவனுக்கு என்ன வேண்டும் என்பது இரண்டாம்பட்சம்.

ஆகவே பண்டமாற்று நடந்தது. டெர்ரிக்குப் பின்னணி வேண்டுமென்றால் சிக்கிள்ஸ் கை கொடுப்பார். ஸ்கார்ச்சியின் கதை முட்டிக்கொண்டால் கானிஃப் வாய் கொடுப்பார். எந்தக் கட்டத்தில் யார் கை இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள்.

இருவரும் சேர்ந்து 'பால் ஆர்தர்' என்ற புனைபெயரில் விளம்பரப் படக்கதையும் வரைந்தார்கள். போஸ்டம் என்ற தானிய பானத்துக்கான விளம்பரம் அது. காப்பிக்குப் பதிலாக அதைக் குடிக்கச் சொல்ல வேண்டும். அதற்காக மேல்கோட்டும் முறுக்கு மீசையுமாக ஒரு பேய் வில்லன். பெயர் மிஸ்டர் காஃபி நெர்வ்ஸ். காப்பி குடிப்பவர்களின் குடும்பத்தில் புகுந்து சண்டை மூட்டிவிடுவதுதான் அவன் தொழில். காலை ஆறு மணிக்கு டிகாக்ஷன் இறங்கும் ஓசையில் கண் விழிக்கும் ஊர்க்காரன் நான். இந்த இரண்டு மேதைகளை மன்னிக்க எனக்குச் சற்று நாள் ஆயிற்று.

*

ஒரு காகிதத்தில் ஒரு கணக்கு

1936.

ஸ்கார்ச்சி ஸ்மித் இப்போது அசோசியேட்டட் பிரஸ்ஸின் முன்னணித் தொடர். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் வருகிறது. மற்ற ஓவியர்கள் அதைக் கத்தரித்து வைத்துப் படிக்கிறார்கள். சிக்கிள்ஸின் சம்பளம் வாரத்துக்கு 125 டாலர்.

மந்தக் காலத்தில் அது பிச்சைக் காசில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலையில்லாமல் ரொட்டிக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கூச்ச சுபாவிகள் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டே இருக்கும். எத்தனை பத்திரிகைகள், ஒவ்வொன்றும் எவ்வளவு கொடுக்கும் என்று சிக்கிள்ஸ் தோராயமாகக் கணக்குப் போட்டார். ஸ்கார்ச்சியால் நிறுவனத்துக்கு மாதம் சுமார் 2,500 டாலர் வருகிறது என்று விடை வந்தது.

அவர் கைக்கு வருவது மாதம் 500 சொச்சம். ஐந்தில் ஒரு பங்கு. வரைவது அவர். பாணி அவருடையது. தொடரைத் தூக்கி நிறுத்தியது அவர். ஆனால் ஸ்கார்ச்சி அவருடையவன் இல்லை. ஜான் டெர்ரியுடையவனாகவும் ஒருநாளும் இருந்ததில்லை. அவன் நிறுவனத்தின் சொத்து. வரைகிறவர் செத்தால் வேறொருவர் வரைவார் என்பதை அந்தத் தொடரிலேயே சிக்கிள்ஸ் பார்த்தாகிவிட்டது. அந்த வேறொருவரே அவர்தானே!

சம்பள உயர்வு கேட்டார்.

மறுத்துவிட்டார்கள்.

பேரம் பேசவில்லை, சண்டை போடவில்லை, பத்திரிகையில் கடிதம் எழுதவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அவர் ஸ்கார்ச்சியை வரைந்தது மொத்தமே மூன்று வருடத்துக்குள்தான். தன் பெயர் போட்டு வரைந்தது அதைவிடக் குறைவு. அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு தினசரித் தொடரை அவர் தொடங்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 26.

*

விட்டுப்போன நாற்காலி

அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் பெர்ட் கிறிஸ்ட்மன். கொலராடோவைச் சேர்ந்தவர், வயது 21. விமானக் கதை வரைய வந்த பையனுக்கு விமானமே தலைக்கேறிவிட்டது. 1938இல் தூரிகையைப் போட்டுவிட்டுக் கடற்படையில் சேர்ந்து விமானியானார். 1941இல் சீனாவுக்காகப் பறந்த 'ஃபிளையிங் டைகர்ஸ்' தொண்டர் படையில் சேர்ந்து பர்மாவுக்கு வந்தார். தன் அணியின் விமானங்களில் பாண்டா கரடிகளை வரைந்து கொடுத்தார். 1942 ஜனவரி 23ஆம் தேதி, ரங்கூன் வானத்தில் அவர் விமானம் சுடப்பட்டது. பாராசூட்டில் குதித்தார். இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய விமானத்தின் குண்டுகள் அவரைத் துளைத்தன. வயது 26. ஸ்கார்ச்சியை வரைந்தவர்களில் ஸ்கார்ச்சியாகவே வாழப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

1939இல் அதே நாற்காலிக்கு ஃபிராங்க் ராபின்ஸ் வந்தார். பாஸ்டன்காரர். அவரும் இருபதைத் தாண்டி அதிக நாளாகாதவர். சிக்கிள்ஸ் தொடங்கிய, கானிஃப் பரப்பிய அந்தக் கறுப்பை இன்னும் தடிப்பாக, இன்னும் முரட்டுத்தனமாகப் பூசினார். ஐந்து வருடம் ஸ்கார்ச்சியை வரைந்துவிட்டு, 1944 ஜூன் 5இல் தன் சொந்த விமானியைப் பறக்கவிட்டார். அவன் பெயர் ஜானி ஹஸார்ட்.

பெயர் பழக்கமில்லையா? சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அவனை வேறு பெயரில் தெரியும்.

விங் கமாண்டர் ஜார்ஜ்!

திண்ணை வரைக்கும் வந்த நிழல் என்று சொன்னேனே, அது இதுதான். சிக்கிள்ஸிடமிருந்து கானிஃப், கானிஃபிடமிருந்து ராபின்ஸ், ராபின்ஸிடமிருந்து நாம். பள்ளிக்கூட நாட்களில் ஜார்ஜின் கதைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவர் முகத்தில் மட்டும் ஏன் இத்தனை கறுப்பு, அச்சில் மை அதிகமாகிவிட்டதா? துப்பறிவாளர் ரிப் கிர்பியின் கோட்டில் உள்ள மடிப்பையெல்லாம் எண்ணலாம், ஜார்ஜின் கோட்டில் எதுவும் தெரியாது. வெகுகாலம் கழித்து ஸ்கார்ச்சி ஸ்மித்தின் பழைய கட்டங்களைப் பார்த்தபோதுதான் அந்த மை எங்கே கொட்ட ஆரம்பித்தது என்று புரிந்தது. உங்கள் பரணில் பழைய பிரதி ஏதாவது இருந்தால் எடுத்து ஒரு கட்டத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு எழுந்து போய் நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் அது பாய்ந்தது. இத்தாலியின் ஹ்யூகோ ப்ராட், கானிஃபைப் பார்த்து வரையக் கற்றவர். அவருடைய கடலோடி கோர்ட்டோ மால்டீஸின் தொப்பிக்குக் கீழே விழும் நிழலும் டியூடர் சிட்டி அறையிலிருந்து போனதுதான்.

*

மீனவனும் மீனும்

சிக்கிள்ஸ் என்ன ஆனார்?

வருத்தப்பட வேண்டாம். காமிக்ஸ்தான் அவரை இழந்தது, அவர் ஒன்றையும் இழக்கவில்லை. பெரிய பத்திரிகைகளுக்குக் கதை ஓவியரானார். 1952 செப்டம்பர் 1ஆம் தேதியிட்ட 'லைஃப்' இதழ் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நாவல் முழுவதையும் ஒரே இதழில் அச்சிட்டது. ஐம்பது லட்சம் பிரதிகளுக்கு மேல், இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. கிழவனையும் படகையும் மீனையும் அந்த இதழில் வரைந்தவர் நோயல் சிக்கிள்ஸ்.

வாரம் 125 டாலர் போதாது என்று எழுந்து போனவர்தான் அவர். ஸ்கார்ச்சியைப் பற்றி யாராவது புகழ்ந்தால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது வேலை கற்றுக்கொண்ட காலம். கானிஃப் அப்படி விடவில்லை. தன் பாணி யாரிடமிருந்து வந்தது என்று கடைசி வரை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் இன்று சிக்கிள்ஸைப் பற்றிப் பேசுவதற்கே பாதிக் காரணம் கானிஃபின் நன்றியுணர்வு.

*

டெர்ரி யாருடையவன்?

கடைசியாக ஒரு முறை அந்த அறைக்குத் திரும்பிப் போவோம். 1936இன் இலையுதிர் காலம். ஒரு மேசையில் ஆள் வேலையை விட்டாயிற்று. இன்னொரு மேசையில் கானிஃப் குனிந்து டெர்ரியை வரைந்துகொண்டிருக்கிறார்.

புகழ் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த சில வருடங்களில் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 1941 அக்டோபரில் டெர்ரி கதையில் ரேவன் ஷெர்மன் என்ற பெண்ணைச் சாகடித்தார் கானிஃப். நிஜமாகவே யாரோ செத்த வீடு மாதிரி நாடெங்கிலுமிருந்து இரங்கல் கடிதங்களும் பூக்களும் வந்து குவிந்தன. ஒரு தூரிகைக்கு அவ்வளவு செல்வாக்கு.

பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் நண்பன் போட்ட கணக்கின் இரண்டாம் பாதி கானிஃபின் மேசையிலும் கிடந்தது. டெர்ரியை நினைத்தவர் பேட்டர்சன். பெயர் வைத்தவர் பேட்டர்சன். காப்புரிமை, படக்கதைகளைப் பத்திரிகைகளுக்கு விற்கும் பேட்டர்சனின் சிண்டிகேட்டுக்கு. நாளைக்குக் கானிஃப் படுத்துவிட்டால் அவர் மனைவிக்கு டெர்ரியால் ஒரு டாலரும் வராது. இன்னொரு கை, இன்னொரு தூரிகை, அதே நிழல், அதே டெர்ரி.

1944இல் சிகாகோவின் பெரும் பணக்காரரும் பத்திரிகை அதிபருமான மார்ஷல் ஃபீல்டிடமிருந்து ஒரு ஆள் வந்தார். அவர் சொன்னதன் சாரம்: டெர்ரியை விட்டுவிட்டு வாருங்கள். புதிதாக ஒரு தொடரைத் தொடங்குங்கள். பாத்திரங்களும் பெயர்களும் உரிமையும் உங்களுக்கே.

கானிஃப் சரி என்றார். ஆனால் ஒரு சிக்கல். பேட்டர்சனோடு போட்ட ஒப்பந்தம் 1946 கடைசி வரைக்கும் இருந்தது. போகப்போகிறார் என்ற செய்தி 1945 தொடக்கத்திலேயே வெளியே வந்துவிட்டது. கோபக்கார முதலாளிக்கு, தனக்கு இனி சொந்தமாகப்போவதில்லை என்று தெரிந்த ஒரு கதையை, கானிஃப் இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம் தினமும் வரைந்தாக வேண்டும்.

எப்படி வரைந்தார்? ஒப்பேற்றினாரா? 1946 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை வெளியான அந்தக் கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது?

(அடுத்த வாரம்)